எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது? வன்னிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் வடக்கில் வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் தரம் 1 முதல் 5 வரை பிள்ளைகளை அனுப்பும் தாய்மாரும் அப்பம்மாக்களும் கூட்டங்களில் கேட்பவை இவை. சில கேள்விகள் எல்லோர் முன்னாலும் வரும். சில, கூட்டம் முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுக்கும் நேரத்தில், வாசலில் நின்று மெதுவாக வரும். இரண்டு வகையும் இங்கே இருக்கின்றன. பாடசாலை அபிவிருத்திச் சங்க வேலைகளில் பல காலம் இருந்து கண்டதையும், சட்டமும் சுற்றறிக்கைகளும் சொல்வதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பிள்ளையை எத்தனை வயதில் சேர்க்க வேண்டும்?

சனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்திருந்தால் அந்த ஆண்டு தரம் 1இல் சேர்க்கலாம். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். முன்பு பதினான்கு வயதோடு நின்றதை 2016இல் பதினாறாக உயர்த்தினார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. அதிபருக்கும் கிராம அலுவலருக்கும் அது புதிய விசயம் இல்லை. போய்ச் சொல்லுங்கள், பிரதேச செயலகத்தில் பத்திரம் எடுக்கும் வழியைக் காட்டுவார்கள்.

ஒரு ஆரம்பப் பாடசாலை நல்லதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பெரும்பாலானோர் இரண்டு விசயத்தைப் பார்க்கிறார்கள்: கட்டடம், அடுத்தது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள் என்பது. இரண்டும் உங்கள் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லாது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த உதவிகளால் வன்னியில் பல பள்ளிகளுக்கு நல்ல மாடிக் கட்டடம் இருக்கிறது. உள்ளே ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

நான் பார்ப்பது இதை: தரம் 3 முடியும்போது வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை தானாக வாசிக்கிறதா? முதல் வாங்குப் பிள்ளை எங்கே விட்டாலும் வாசிக்கும். வீட்டில் அக்கா இருப்பாள், அம்மா படித்திருப்பார். கடைசி வாங்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை வாசித்தால் அங்கே கற்பித்தல் நடக்கிறது.

அடுத்தது வரவு. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். விளையாட்டுப் போட்டி நாளோ, தரம் 1 பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா நாளோ வேண்டாம். நெல் வெட்டுக் காலத்தில் பாருங்கள், கார்த்திகை மழையில் பாருங்கள். பிள்ளை வராதபோது வகுப்பாசிரியர் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கும் பள்ளியை நம்பலாம்.

மூன்றாவது, இடைவேளையில் பிள்ளைகள் ஆசிரியரைக் கண்டதும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஓடி வந்து கதை சொல்கிறார்களா, கலைந்து போகிறார்களா? பத்து நிமிடம் வேலியோரம் நின்றாலே தெரிந்துவிடும்.

பிள்ளை தரம் 3இல் இருக்கிறது, புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறது. அப்படியென்றால் சரிதானே?

சரியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தமிழ்ப் பாடநூலை வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பல பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். விரல் எழுத்தின்மேல் போகும், வாய் நினைவிலிருந்து சொல்லும். சோதிப்பது சுலபம். பிள்ளை முன்பு பார்க்காத நாலு வரியைக் கொடுங்கள். பத்திரிகைத் துண்டோ, உரப்பையில் எழுதியிருப்பதோ, எதுவானாலும் சரி. பிறகு புத்தகத்தில் ஒரு வரியின் நடுவில் உள்ள ஒரு சொல்லைக் காட்டி அதை மட்டும் கேளுங்கள். தடுமாறினால் எழுத்து இன்னும் பதியவில்லை.

தடுமாறும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். அகர வரிசை தெரியும், மெய் தெரியும், உயிர்மெய்யில் நிற்கும். கெ, கே, கொ, கோ, கௌ இந்தக் கொம்பு எழுத்துகளில் குழப்பம். மு, நு, சு, து என்று உகரம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு வடிவம் எடுப்பதில் குழப்பம். 247 எழுத்தையும் ஒரேயடியாக எழுத வைப்பதால் இது தீராது. ஒரு நாளைக்கு ஒரு வரிசை, அந்த வரிசையில் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள், அந்தச் சொற்களில் இரண்டு சின்ன வசனம். இரவு விளக்கு வைத்த பிறகு பதினைந்து நிமிடம் போதும்.

வாசிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். பக்கத்தில் இருந்து "இதில என்ன எழுதியிருக்கு, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் பிள்ளை பெருமையோடு வாசித்துக் காட்டும். பின்தங்கும் பிள்ளைகளுக்கான பரிகாரக் கற்பித்தல் பள்ளியில் நடக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். நடக்க வேண்டியது அது. கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஒன்றை மறக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை "மொக்கு" என்று பெயர் வைத்துப் பின்னால் இருத்திய கதைகள் எங்கள் பக்கம் குறைவில்லை.

டவுன் பள்ளிக்கு வானில் அனுப்பவா, ஊர்ப் பள்ளியில் விடவா?

இது வன்னியில் ஒவ்வொரு மார்கழியும் வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை. என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: தரம் 1 முதல் 5 வரைக்கும், ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் இருந்தால், ஊர்ப் பள்ளிதான் நல்லது. ஐந்து வயதுப் பிள்ளை விடிய ஐந்தரைக்கு எழும்பி, சாப்பிடாமல் வானில் ஏறி, திரும்பி வந்து அசந்து தூங்குவதால் என்ன கிடைக்கிறது? டவுன் வகுப்பில் நாற்பது பேரில் ஒருவராக இருக்கும் பிள்ளை, ஊரில் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருக்கும்.

"ஆசிரியர் இருந்தால்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். இல்லாவிட்டால் இந்த வாதம் நிற்காது. சின்னப் பள்ளிகளில் நடப்பது என்னவென்றால், வசதியுள்ள நாலு குடும்பம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகும். தொகை குறையும். தொகை குறைந்ததும் ஆசிரியர் எண்ணிக்கையும் குறையும். ஆசிரியர் குறைந்ததும் இன்னும் நாலு குடும்பம் போகும். கடைசியில் சைக்கிள்கூட இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள், பள்ளியை மூடலாமா என்ற பேச்சு வரும். போகிற குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஊரின் பத்துப் பெற்றோர் சேர்ந்து, "நாங்கள் பிள்ளைகளை எடுக்கமாட்டோம், ஆசிரியரைத் தாருங்கள்" என்று வலயக் கல்விப் பணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்தால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது. தனித்தனியாகப் போய் முறையிடுவதற்கு அந்தக் கனம் இல்லை.

ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிறார். பிள்ளை கெட்டுப்போகாதா?

பல்தரக் கற்பித்தல் என்று அதற்கு ஒரு முறையே இருக்கிறது. தெரிந்து செய்தால் கெடாது. ஒரு வகுப்புக்குச் செயற்பாட்டைக் கொடுத்துவிட்டு மற்ற வகுப்பைக் கவனிப்பார், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். கெடுவது எப்போது என்றால், ஒரு வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு "பார்த்து எழுதுங்கோ" என்று மணித்தியாலக் கணக்கில் விடும்போது. கொப்பியைப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதியது மட்டும் இருந்தால் அதிபரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆசிரியர்கள் ஏன் ஓர் இடத்தில் நிற்பதில்லை?

வன்னியில் கற்பிப்போரில் கணிசமானோர் வெளி மாவட்டத்தார், முக்கியமாக யாழ்ப்பாணத்தார். சேவைக் காலம் முடிந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் இடமாற்றம் கேட்பார்கள். அதில் தப்பில்லை. விடிய முன் பஸ் ஏறி, ஏ9 வீதியில் மாங்குளமோ கனகராயன்குளமோ இறங்கி, அங்கிருந்து உள்ளே மோட்டார் சைக்கிளில் போய், ஏழரை மணிக்குக் காலைப் பிரார்த்தனையில் நிற்பது சின்ன வேலை இல்லை. பெண் ஆசிரியர்களுக்கு அது இன்னும் கடினம்.

இதற்கு நிலையான வழி வன்னிப் பிள்ளைகளே ஆசிரியர்களாக வருவது. வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகவும் ஆகிவிட்டது. துணுக்காயிலும் நெடுங்கேணியிலும் படித்த பிள்ளை அங்கே போய்த் திரும்பி வந்தால் இடமாற்றம் கேட்கத் தேவை இல்லை. அதுவரை ஊர் செய்யக்கூடியது ஒன்று: வரும் ஆசிரியருக்கு ஒழுங்கான தங்குமிடம். கதவு பூட்டும் அறை, தண்ணீர், மலசலகூடம், இரவில் வெளிச்சம். இவை இருக்கும் ஊரில் ஆசிரியர் ஓரிரு வருடமாவது கூடுதலாக நிற்கிறார்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தரம் 3இலிருந்தே ரியூசன் விட வேண்டுமா?

வேண்டாம். தரம் 5 பரீட்சை எதற்காக வந்தது என்று பாருங்கள். 1940களில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியோடு வளர்ந்தது அது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணமும், நல்ல பாடசாலையில் இடமும் கொடுக்கத்தான் ஏற்பாடு. உதவிப்பணம் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும்.

வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்தால் என்ன? தரம் 6க்குப் போவதை அது தடுக்காது. இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பெறுபேறு வந்த அன்று சாப்பிடாமல் அழும் பத்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 160 எடுத்த பிள்ளையின் படத்தை வீதியில் பெரிய பதாகையாகக் கட்டுகிறோம். அந்தப் பதாகைக்குக் கீழே 90 எடுத்த பிள்ளை தினமும் நடந்து போகிறது. அதுவும் கஷ்டப்பட்டு எடுத்த 90தான். பதாகை கட்டுவதை நிறுத்தினால் எந்தப் பிள்ளைக்கும் நட்டம் இல்லை.

பாடசாலைக்கு உள்ளேயும் ஒரு கெடுதல் நடக்கிறது. தரம் 5க்கு நல்ல ஆசிரியரைப் போட்டு, தரம் 1க்கும் 2க்கும் கிடைத்தவரைப் போடுவது. தலைகீழாக இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் விழுவது முதல் இரண்டு வருடத்தில். தரம் 1 ஆசிரியர் யார் என்று கூட்டத்தில் கேட்பதுதான் பெற்றோர் கேட்கக்கூடிய மிகப் பயனுள்ள கேள்வி.

ஆசிரியர் அடித்தார். இதைப் பெரிதாக்கலாமா? பிறகு பிள்ளையைக் கவனிக்கமாட்டார்களே?

வாசலில் நின்று மெதுவாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. 2021இல் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்து மாணவரின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. "நாங்கள் அடி வாங்கித்தான் படித்தோம்" என்பது சட்டத்தில் செல்லாது. சரியான பேச்சும் இல்லை. அடி வாங்கிப் பள்ளியை விட்டவர்கள் கூட்டத்துக்கு வந்து கதை சொல்வதில்லை.

தழும்பு, வீக்கம், காதில் அடி என்றால் முதலில் ஆஸ்பத்திரி. அங்கேயே பதிவு வரும். சிறியதென்றால் முதலில் அதிபரிடம் போங்கள், வாயால் சொல்லாமல் திகதி போட்ட கடிதமாகக் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையா? கோட்டக் கல்விப் பணிப்பாளர், பிறகு வலயக் கல்விப் பணிப்பாளர்.

வேறு ஒன்று இருக்கிறது, இந்தப் படிகள் அதற்குப் பொருந்தாது. யாராவது பிள்ளையைத் தொடக்கூடாத விதத்தில் தொட்டிருந்தால், அது ஆசிரியரோ வான் சாரதியோ உறவினரோ, ஊருக்குள் பேசி முடிக்கவே கூடாது. 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. பொலிஸ் நிலையத்தில் சிறுவர் பெண்கள் பணியகம் உண்டு, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் உண்டு. பிள்ளையிடம் ஆளுக்காள் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்னில் பிழை இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். மானம் போய்விடும் என்று மூடி வைத்தால், அதே ஆள் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போவான்.

பள்ளியில் கொடுக்கும் சாப்பாடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. 2024இல் இந்த உணவுத் திட்டம் நாடு முழுவதும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிவாக்கப்பட்டது. காலையில் வெறும் தேத்தண்ணியோடு வரும் பிள்ளைகளுக்கு இதுதான் அன்றைய முதல் சாப்பாடு. அம்மா விடிய முன் கூலி வேலைக்குப் போயிருப்பார், அப்பா கடலுக்குப் போயிருப்பார். வெறும் வயிற்றோடு கழித்தல் கணக்கு ஏறாது.

சோறும் பருப்பும் மட்டும் தினமும் வந்தால் கேளுங்கள். முட்டை எந்த நாள், கீரை எந்த நாள், கௌபி எந்த நாள் என்று ஒரு அட்டவணை இருக்கும். அதே நேரம் சமைப்பவரின் பக்கத்தையும் பாருங்கள். அநேகமாக அவரும் அந்த ஊர்த் தாய்தான். கொடுப்பனவு பிந்தும்போது கடையில் கடன் சொல்லிச் சமைக்கிறார். முருங்கை இலை, பப்பாசி, ஒரு தேங்காய் என்று ஊர் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தால் பிள்ளைகளின் தட்டில் அது தெரியும்.

தண்ணீரும் மலசலகூடமும்?

வவுனியாவிலும் வேறு சில பகுதிகளிலும் நிலத்தடி நீரில் புளோரைட்டு கூடுதல். பற்களில் மண்ணிறக் கறை விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது. பள்ளிக் கிணற்று நீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் சோதிக்கச் சொல்லி அதிபரைக் கேளுங்கள். வடிகட்டும் இயந்திரம் இருந்தால் அதைப் பராமரிப்பது யார் என்று கேளுங்கள். திறப்பு விழாவோடு நின்றுபோன இயந்திரங்கள் பல.

மலசலகூடம் சுத்தமில்லை என்று பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள். தரம் 5இலேயே பெரியபிள்ளையாகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூட்டக்கூடிய கதவும் தண்ணீரும் வாளியும் இல்லாத பள்ளியில் அவர்கள் மாதத்தில் சில நாள் வீட்டில் நிற்கிறார்கள். சடங்குக்காக வாரக்கணக்கில் நிறுத்துவதையும் பெற்றோர் குறைக்க வேண்டும். அந்த இடைவெளியில் விட்ட பாடத்தைப் பிறகு யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

மருத்துவப் பரிசோதனை வருடா வருடம் நடக்குமா?

தரம் 1, 4, 7, 10இல் நடக்கும். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளி என்றால் எல்லா வகுப்புக்கும் ஒவ்வொரு வருடமும் நடக்க வேண்டும், வன்னியின் பெரும்பாலான கிராமப் பள்ளிகள் அந்தக் கணக்கில் வரும். கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லித் துண்டு வந்தால் தயவுசெய்து கொண்டுபோங்கள்.

போகிற வழிப் பயம்: யானை, வெள்ளம், வெடிபொருள்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை வீதிக்கு வருகிறது. இருட்டோடு பிள்ளைகளைத் தனியாக விடாமல், நாலைந்து வீட்டுப் பிள்ளைகளை ஒரு பெரியவரோடு அனுப்புங்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பாலமும் மதகும் நம்பிக்கை இல்லை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது ஒரே இரவில் ஊர்கள் வெள்ளத்தில் நின்றன. வெள்ளம் கடந்து பள்ளிக்கு வரத் தேவை இல்லை என்று அதிபர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

2009க்குப் பிறகு நிறையக் கண்ணிவெடி அகற்றப்பட்டிருக்கிறது. ஆனாலும் மழை மண்ணைக் கரைக்கும்போதும் காணி துப்புரவாக்கும்போதும் எதாவது வெளியே வரும். இன்றைய தரம் 3 பிள்ளை யுத்தத்துக்குப் பிறகு பிறந்தது, அதற்கு அது என்னவென்று தெரியாது, பளபளப்பான இரும்பு என்று எடுக்கும். தொடாதே, எறியாதே, வந்த வழியே திரும்பி வந்து பெரியவரிடம் சொல். இந்த மூன்றையும் தவணைக்கு ஒரு முறையாவது பள்ளியில் சொல்ல வேண்டும்.

வீட்டில் அப்பா இல்லை. பிள்ளை பள்ளியில் ஒதுங்கி இருக்கிறது.

வகுப்பாசிரியரிடம் வீட்டு நிலையைத் தனியாகச் சொல்லுங்கள். சொன்னால்தான் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டவர், இறந்தவர், வெளிநாட்டில் வேலை செய்பவர், விட்டுப்போனவர் என்று அப்பா இல்லாத வீடுகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றன. ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: "எனது அப்பா" என்று கட்டுரை எழுதச் சொல்லும் முன் வகுப்பை ஒருமுறை பாருங்கள். "என்னை வளர்ப்பவர்" என்று தலைப்பைக் கொடுத்தால் எல்லாப் பிள்ளையும் எழுதும்.

போரை இந்தப் பிள்ளைகள் பார்க்கவில்லை, ஆனால் அதைப் பார்த்தவர்கள் வளர்க்கும் பிள்ளைகள் இவர்கள். தூக்கம் வராத அம்மா, குடிக்கும் மாமா, பழைய நாள் வந்தால் பேசாமல் இருக்கும் அப்பம்மா. பிள்ளை திடீரென்று முரண்டு பிடித்தாலும் பேசாமல் போனாலும் தண்டிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டும். ஆலோசனை வழங்கும் ஆசிரியர் பள்ளியில் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்திலோ மாவட்ட வைத்தியசாலையிலோ உதவி கேட்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி பள்ளிக்கு உதவ விரும்புகிறார். என்ன செய்யச் சொல்லலாம்?

நுழைவாயில் வளைவு வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயர் பொறித்த வளைவால் ஒரு பிள்ளையும் வாசிக்கப் பழகாது. சின்னப் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்கள், மலசலகூடக் கதவு, தண்ணீர்த் தாங்கி, தூரத்துப் பிள்ளைக்குச் சைக்கிள், கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்குக் கண்ணாடி, ஆசிரியர் தங்குமிடத்தின் கூரை. இவற்றில் எது அவசரம் என்று அதிபரும் அபிவிருத்திச் சங்கமும் எழுதிக் கொடுக்கட்டும். பணம் தனியாள் கையில் போகாமல் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், பற்றுச்சீட்டு வரட்டும், அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படட்டும். கணக்குக் காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்திடம் எழுதிக் கேட்கலாம்.

இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். கொப்பியும் சப்பாத்தும் வாங்கும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். பொருளை அதிபரிடம் கொடுத்தால் போதும். வகுப்பாசிரியர் யாருக்குத் தேவை என்று பார்த்து, மற்றப் பிள்ளைகள் அறியாமல் பையில் வைத்து அனுப்புவார்.